ராம் தாஸ் கட்டாரி

வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி (அக்டோபர் 8, 1911 – ஜனவரி 21, 1983) இந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் ஆவார். அன்றைய சென்னை மாகாணத்தின் செங்கல்பட்டில் பிறந்த இவர், 1958 ஏப்ரல் 22 முதல் 1962 ஜூன் வரை கடற்படைத் தலைமைத் தளபதியாகப் பணியாற்றினார். இந்தியாவின் முதல் வானூர்தி தாங்கிக் கப்பலான விக்ராந்த் படையில் சேர்க்கப்பட்டதும், கோவா விடுதலை நடவடிக்கையில் கடற்படை பங்கேற்றதும் இவருடைய பதவிக் காலத்திலேயே ஆகும். பின்னர் பர்மாவுக்கான இந்தியத் தூதராகவும் இருந்தார்.

தரைப்படைக்கு 1949இல் கரியப்பாவும், வான்படைக்கு 1954இல் சுப்ரதோ முகர்ஜியும் தலைமையேற்ற பின்னரும் கடற்படைத் தலைமை ஆங்கிலேய அட்மிரல்களிடமே நீடித்தது. நாடு விடுதலையடைந்து பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தே அப்பொறுப்பு ஓர் இந்தியரிடம் வந்தது. அண்டை நாடுகளான பாகிஸ்தானும் இலங்கையும் முறையே 1953, 1955 ஆம் ஆண்டுகளிலேயே தத்தம் நாட்டவரைக் கடற்படைத் தலைவராக்கிவிட்டன. இந்தத் தாமதத்தின் காரணங்களைப் புரிந்துகொள்ளாமல் கட்டாரியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்வது கடினம்.

பிறப்பும் கல்வியும்

கட்டாரி பிறந்த செங்கல்பட்டு, சென்னைக்குத் தெற்கே தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வழியாகச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள ஊர். ஏரிகளுக்குப் பெயர் பெற்றதேயன்றி கடற்கரை நகரம் அன்று. இவருக்கு மூன்று வயது நிறைவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, 1914 செப்டம்பர் 22 இரவு, செருமானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. கடல் வழியே வரும் ஆபத்தைத் தடுக்க இந்தியாவுக்கென்று போரிடும் கடற்படை ஒன்று அன்று இல்லை. இந்தியக் கடற்பிரிவு என்ற பெயரில் இருந்த அமைப்பு, படை ஏற்றுதல், கடல் அளவை போன்ற பணிகளையே பெரும்பாலும் செய்து வந்தது.

இவருடைய கல்வி ஐதராபாத் பகுதியில் அமைந்தது. செகந்தராபாத் மகபூப் கல்லூரிப் பள்ளியிலும் பின்னர் நிசாம் கல்லூரியிலும் பயின்றார்.

டஃபரின் பயிற்சிக் கப்பல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இந்திய இளைஞர் கப்பல் அதிகாரியாவதற்கு நாட்டில் வழியே இல்லை எனலாம். இந்தியர்கள் கப்பலில் மாலுமிகளாகவும் கொதிகலன் தொழிலாளர்களாகவும் பெருமளவில் இருந்தனர். ஆனால் கப்பலை நடத்தும் அதிகாரி பதவிகள் ஐரோப்பியரிடமே இருந்தன. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோதும் இக்குறை இருந்தது. கப்பலை விலைக்கு வாங்கலாம். அதை நடத்தும் பயிற்சி பெற்ற இந்திய அதிகாரிகளை எங்கே தேடுவது?

தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் பி. எஸ். சிவசுவாமி ஐயர் 1922இல் மத்திய சட்டமன்றத்தில் இந்தியர்களுக்கான கடலியல் கல்லூரி வேண்டுமென்று தீர்மானம் கொண்டு வந்தார். அதன் தொடர்ச்சியாக அமைக்கப்பட்ட இந்திய வணிகக் கப்பல் குழு, ஒரு பயிற்சிக் கப்பலை நிறுவப் பரிந்துரைத்தது. படைவீரர்களை ஏற்றிச் செல்லப் பயன்பட்டு வந்த டஃபரின் என்னும் பழைய கப்பல் மாற்றியமைக்கப்பட்டு, 1927இல் பம்பாயில் பயிற்சிக் கப்பலாக நிறுத்தப்பட்டது. அதன் முதல் தொகுதி மாணவர்களுள் ஒருவராகக் கட்டாரி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 16.

டஃபரின் வணிகக் கப்பல்களுக்கான அதிகாரிகளை உருவாக்கவே ஏற்பட்டது, போர்க்கடற்படைக்காக அன்று. இது கட்டாரியின் வாழ்க்கையில் முக்கியமான செய்தி. பிற்காலத்தில் கடற்படையில் உயர்ந்த பலர் இளமையிலேயே இங்கிலாந்தின் அரச கடற்படையில் பயிற்சி பெற்றவர்கள். முதல் இந்தியத் தலைமைத் தளபதியோ வணிகக் கப்பல் பயிற்சியிலிருந்து வந்தவர்.

(அந்தப் பயிற்சிக் கப்பலின் வழிவந்த நிறுவனம் 1972இல் ராஜேந்திரா கப்பலுக்கும், பின்னர் நவி மும்பையில் உள்ள சாணக்கியா வளாகத்திற்கும் மாறியது. 2008இல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. இப்பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையின் தெற்கே, செம்மஞ்சேரியில் அமைந்துள்ளது.)

ஊக்ளி ஆற்றில்

பயிற்சி முடிந்தபின் கட்டாரி, கல்கத்தா துறைமுக ஆணையத்தின் ஊக்ளி ஆற்று அளவைப் பிரிவில் பணியாற்றினார். கல்கத்தா கடலிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே, ஆற்றங்கரையில் அமைந்த துறைமுகம். ஊக்ளி கொண்டுவரும் வண்டலால் அதன் அடித்தளம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஆழமாக இருந்த வழி நாளை மணல்திட்டாகிவிடலாம். எனவே ஆற்றின் ஆழத்தை இடைவிடாது அளந்து, வரைபடங்களைத் திருத்தி, கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமிகளிடம் தருவது இன்றியமையாத பணி. பெருமை பேச இடமில்லாத, பொறுமையைக் கோரும் வேலை இது. ஆயினும் ஆழமற்ற நீரில் கப்பலைக் கையாளும் அறிவை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் பள்ளி வேறு இருக்க முடியாது.

இரண்டாம் உலகப் போர்

இந்தியக் கடற்பிரிவு 1934இல் அரச இந்தியக் கடற்படை என்று பெயர் மாற்றம் பெற்றிருந்தது. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அது மிகச் சிறிய படை. அதை விரைவாகப் பெருக்குவதற்கு, கடல் அனுபவம் உள்ள வணிகக் கப்பல் அதிகாரிகள் சேமப் படைப்பிரிவின் வழியாகச் சேர்க்கப்பட்டனர். அவ்வாறு லெப்டினன்டாகச் சேர்ந்தவர்களுள் கட்டாரியும் ஒருவர். அப்போது அவருக்கு ஏறத்தாழ 28 வயது. போரின் நடுவே நிலையான படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

நீர்மூழ்கி எதிர்ப்புப் போர்முறை அவருடைய சிறப்புத் துறையானது. நீருக்கடியில் ஒலித்துடிப்புகளை அனுப்பி, ஏதேனும் ஒன்றில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, அது வந்து சேர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடும் கருவியே இத்துறையின் அடிப்படை. எதிரொலி தருவது நீர்மூழ்கியா, திமிங்கிலமா, மீன் கூட்டமா என்று பிரித்தறிவது கருவியை இயக்குபவரின் திறமையைப் பொறுத்தது. இந்தியப் பெருங்கடலில் வணிகக் கப்பல்கள் செருமானிய, சப்பானிய நீர்மூழ்கிகளுக்கு இரையாகிக் கொண்டிருந்த காலம் அது. 1942 ஏப்ரலில் சப்பானியக் கடற்படை கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது சென்னையிலிருந்து மக்கள் பெருமளவில் வெளியேறினர்.

விடுதலைக்குப் பிந்தைய கடற்படை

1946 பிப்ரவரியில் பம்பாயில் தொடங்கிய கடற்படை எழுச்சி, மாலுமிகளின் மனக்குறைகளையும் ஆங்கிலேய அதிகாரிகள்மீது அவர்களுக்கிருந்த வெறுப்பையும் வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டே நாடு பிரிவினை அடைந்தது. கப்பல்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கும் ஒரு பங்கு பாகிஸ்தானுக்கும் பிரிக்கப்பட்டன. இந்தியாவுக்குக் கிடைத்தவற்றுள் நான்கு சுலூப்புகளே சற்றுப் பெரியவை. எஞ்சியவை பெரும்பாலும் கண்ணிவாரிகளும் சிறு கலங்களுமாகும்.

கப்பல் பற்றாக்குறையை விடப் பெரிய குறை அதிகாரிகள் பற்றாக்குறை. தரைப்படையில் முதல் உலகப் போர்க் காலம் முதலே இந்திய அதிகாரிகள் இருந்தனர். கடற்படையில் முதல் இந்தியர் அதிகாரியாக நியமிக்கப்பட்டதே 1928இல்தான். எனவே 1947இல் இருந்த இந்தியக் கடற்படை அதிகாரிகளுள் எவரும் கப்பல் தொகுதி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய பழக்கம் உடையவர் அல்லர். இதனாலேயே நேருவின் அரசு ஆங்கிலேயத் தளபதிகளைத் தொடர்ந்து வைத்துக்கொண்டது. ஹால், பாரி, பைசி, கார்லில் ஆகிய நால்வர் அடுத்தடுத்து இப்பொறுப்பை வகித்தனர். பிரித்தானியாவிலிருந்து கப்பல்களையும் பயிற்சியையும் பெறுவதற்கு இது உதவியது உண்மை. ஆனால், விடுதலை பெற்ற நாட்டின் படை வேற்று நாட்டவரின் தலைமையில் இருப்பது குறித்த சங்கடமும் நாளுக்கு நாள் வளர்ந்தது.

1948இல் பிரித்தானியாவிடமிருந்து அக்கிலீஸ் என்னும் குரூசர் வாங்கப்பட்டு டெல்லி எனப் பெயரிடப்பட்டது. கேப்டன் பிரவுன் என்ற ஆங்கிலேயர் அதற்குத் தலைமை தாங்க, இரண்டாம் நிலைப் பொறுப்பான நிர்வாக அதிகாரியாகக் கமாண்டர் கட்டாரி நியமிக்கப்பட்டார். ஒரு பெரிய போர்க்கப்பலின் அன்றாட நடப்பு, ஒழுங்கு, பயிற்சி ஆகிய அனைத்தும் இந்த அதிகாரியின் கையில்தான் இருக்கும். சுலூப்புகளிலேயே பழகிய மாலுமிகளை நூற்றுக்கணக்கில் ஒரு குரூசருக்குப் பழக்குவது எளிய செயலன்று. அதே கப்பலில் பணியாற்றிய எஸ். எம். நந்தா பிற்காலத்தில் 1971 போரின்போது கடற்படைத் தளபதியாக இருந்தார்.

இக்கப்பலைப் பற்றி ஒரு சுவையான செய்தியும் உண்டு. 1939இல் தென்னமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துவாரத்தில் செருமானியப் போர்க்கப்பல் கிராப் சுபீயை எதிர்த்துப் போரிட்ட மூன்று கப்பல்களுள் அக்கிலீசும் ஒன்று. அன்று அதற்குத் தலைமை தாங்கிய எட்வர்டு பாரியே, அது டெல்லியாக இந்தியாவுக்கு வந்தபோது இந்தியக் கடற்படையின் தளபதியாக இருந்தார். அப்போரைப் பற்றி 1956இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படத்தில் டெல்லி தன் பழைய வேடத்தில் தானே நடித்தது.

பின்னர் கட்டாரி, ராஜ்புத் என்னும் நாசகாரிக் கப்பலுக்கும் அது சேர்ந்திருந்த 11ஆம் நாசகாரித் தொகுதிக்கும் தலைமை தாங்கினார். கடற்படைத் தலைமையகத்திலும் உயர் பொறுப்புகளை வகித்தார்.

கப்பற்படைத் தொகுதியின் தலைமை

1956 அக்டோபர் 2 அன்று ரியர் அட்மிரல் கட்டாரி இந்தியக் கப்பற்படைத் தொகுதியின் தலைமையை ஏற்றார். கடலில் இயங்கும் போர்க்கப்பல்கள் அனைத்தும் இத்தொகுதியில் அடங்கும். இந்தப் பதவியை வகித்த முதல் இந்தியர் இவரே. தலைமைத் தளபதி பதவி அலுவலகத்தில் அமர்ந்து நடத்துவது. தொகுதித் தளபதி பதவியோ கடலில் நின்று நடத்துவது. உண்மையில் இந்தியமயமாதலின் சோதனைக் களம் இதுதான். கப்பல்கள் பல ஒன்றாகச் செல்லும்போது ஒரு தவறான கட்டளை மோதலில் முடியலாம்.

அக்காலத்தில் பிரித்தானிய, இந்திய, பாகிஸ்தானிய, இலங்கைக் கடற்படைகள் திருகோணமலைக்கு அருகில் ஆண்டுதோறும் கூட்டுப் பயிற்சிகளை நடத்தி வந்தன. பாகிஸ்தானும் இந்தியாவும் ஒரே பயிற்சியில் பங்கேற்றன என்பது இன்றைய வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். 1957இல் மைசூர் என்னும் இரண்டாவது குரூசர் படையில் சேர்ந்தது. நைஜீரியா என்ற பெயரில் பிரித்தானியப் படையில் இருந்த கப்பல் இது. டெல்லியைவிடப் புதிய இக்கப்பல் தொகுதியின் தலைமைக் கப்பலாயிற்று.

தலைமைத் தளபதி

1958 ஏப்ரல் 22 அன்று வைஸ் அட்மிரல் சர் ஸ்டீபன் கார்லிலிடமிருந்து கட்டாரி பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 46. சேமப் படையில் லெப்டினன்டாகச் சேர்ந்து 19 ஆண்டுகளே ஆகியிருந்தன. பிற கடற்படைகளில் இத்தகைய பதவிக்கு வருபவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியிருப்பார். கடற்படைத் தலைமைத் தளபதி பதவி அன்று வைஸ் அட்மிரல் நிலையிலேயே இருந்தது; 1968இல் ஏ. கே. சாட்டர்ஜியின் காலத்தில்தான் முழு அட்மிரல் நிலைக்கு உயர்த்தப்பட்டது.

இவர் பொறுப்பேற்ற காலத்தில் படை விரைந்து வளர்ந்து கொண்டிருந்தது. பிரித்தானியாவில் கட்டப்பட்ட எட்டு பிரிகேட் கப்பல்கள் 1958 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. பிரம்மபுத்திரா, பியாஸ், பேத்வா ஆகிய மூன்றும் வானூர்தி எதிர்ப்புக்கானவை. தல்வார், திரிசூல், குக்ரி, கிர்பான், குதார் ஆகிய ஐந்தும் நீர்மூழ்கி எதிர்ப்புக்கானவை. போர்க்காலத்தில் கட்டாரி கற்ற துறைக்கு இப்போது ஒரு முழுக் கப்பல் தொகுதியே கிடைத்தது எனலாம். (குக்ரி 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது.)

எனினும் இக்கப்பல்கள் அனைத்தும் வெளிநாட்டில் கட்டப்பட்டவை. உதிரிப் பாகம் ஒன்றுக்கும் அயல்நாட்டுச் செலாவணி தேவை. 1957இல் இந்தியா கடும் செலாவணி நெருக்கடியில் சிக்கியிருந்தது. பாதுகாப்பு நிதியில் கடற்படையின் பங்கோ முப்படைகளிலும் மிகக் குறைவு. இந்நிலையில் உள்நாட்டிலேயே போர்க்கப்பல் கட்டுவது இன்றியமையாததாயிற்று. 1960இல் பம்பாயின் மசகான் கப்பல் கட்டுமிடத்தையும் கல்கத்தாவின் கார்டன் ரீச் பட்டறையையும் இந்திய அரசு தன் உடைமையாக்கியது. மசகானில் கட்டப்பட்ட முதல் பிரிகேட்டான நீலகிரி 1972இல்தான் படையில் சேர்ந்தது. ஆயினும் அதற்கான அடித்தளம் கட்டாரியின் காலத்தில் இடப்பட்டது. நீர்மூழ்கிப் பிரிவு மட்டும் இவர் காலத்தில் கைகூடவில்லை. முதல் நீர்மூழ்கியான கல்வரி 1967இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து பெறப்பட்டது.

1959 ஆகஸ்டு இறுதியில் தரைப்படைத் தளபதி திம்மையா, பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனனுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் பதவி விலகல் கடிதம் கொடுத்து, நேருவின் வற்புறுத்தலால் திரும்பப் பெற்றார். படைத் தலைமைக்கும் அமைச்சருக்கும் இடையிலான உறவு சீர்குலைந்திருந்த அந்த ஆண்டுகளில் கட்டாரி கடற்படையை வெளிப்படையான பூசல் எதுவுமின்றி நடத்திச் சென்றார்.

விக்ராந்த்

வானூர்தி தாங்கிக் கப்பல் வேண்டும் என்பது விடுதலை பெற்ற நாளிலிருந்தே கடற்படையின் கனவு. 1945இல் வெள்ளோட்டம் விடப்பட்டு, போர் முடிந்ததால் முற்றுப்பெறாமல் கிடந்த எர்குலிஸ் என்னும் பிரித்தானியக் கப்பலை இந்தியா 1957இல் வாங்கியது. பெல்பாஸ்ட் நகரில் அது கட்டி முடிக்கப்பட்டது. 1961 மார்ச் 4 அன்று, பிரித்தானியாவுக்கான இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் முன்னிலையில் விக்ராந்த் என்ற பெயருடன் படையில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பம்பாய் வந்தடைந்தது. சீஹாக் போர் வானூர்திகளும், நீர்மூழ்கிகளைத் தேடும் பிரான்சு நாட்டு அலீசே வானூர்திகளும் இதிலிருந்து இயங்கின. ஆசியாவில் அன்று இத்தகைய கப்பல் வைத்திருந்த நாடுகள் மிகச் சில. ஏழை நாட்டுக்கு இவ்வளவு விலையுள்ள கப்பல் எதற்கு என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. 1971இல் விக்ராந்த் வங்காள விரிகுடாவில் செய்த பணி அதற்கு ஓரளவு விடையளித்தது.

கோவா நடவடிக்கை

1961 நவம்பரில் கார்வாருக்கு அருகில் உள்ள அஞ்சிதீவிலிருந்த போர்த்துக்கேயப் படையினர் இந்தியப் பயணிகள் கப்பலான சபர்மதி மீதும் மீனவர்கள் மீதும் சுட்டனர். இதையொட்டி டிசம்பரில் கோவா, டாமன், டையூ பகுதிகளை விடுவிக்க ஆபரேசன் விஜய் என்ற நடவடிக்கை தொடங்கியது. விடுதலைக்குப் பின் இந்தியக் கடற்படை எதிரியின் கப்பலுடன் நேருக்கு நேர் போரிட்டது இதுவே முதல் முறை. கடலில் தொகுதிக்கு ரியர் அட்மிரல் பி. எஸ். சோமன் தலைமை தாங்கினார். தில்லியில் ஒட்டுமொத்தப் பொறுப்பு கட்டாரியுடையது.

டிசம்பர் 18 அன்று பேத்வாவும் பியாசும் மர்மகோவா துறைமுகத்தில் அபோன்சோ டி அல்புகர்க் என்னும் போர்த்துக்கேயப் போர்க்கப்பலைத் தாக்கின. 1930களில் கட்டப்பட்ட அந்தப் பழைய கப்பல் புதிய பிரிகேட்டுகளுக்கு ஈடாகவில்லை. கடும் சேதமடைந்து பம்போலிம் கரையில் தரைதட்டியது. டையூவில் டெல்லி குரூசர் குண்டு வீசியது. விக்ராந்த் ஆழ்கடலில் காவல் புரிந்தது.

அஞ்சிதீவில் மட்டும் செயல் எளிதாக முடியவில்லை. மைசூர், திரிசூல் ஆகிய கப்பல்களிலிருந்து இறங்கிய மாலுமிகள் தீவைக் கைப்பற்றச் சென்றனர். போர்த்துக்கேயர் வெள்ளைக்கொடி காட்டிவிட்டுப் பின்னர் சுட்டதாக இந்தியத் தரப்பு வரலாறுகள் கூறுகின்றன. மாலுமிகள் ஏழு பேர் உயிரிழந்தனர். மறுநாள் தீவு வீழ்ந்தது. இந்நடவடிக்கை முழுவதிலும் கடற்படைக்கு ஏற்பட்ட உயிரிழப்பு இங்கேயே நேர்ந்தது. தரையில் இறங்கிப் போரிடத் தனிப் பயிற்சி பெற்ற படைப்பிரிவு கடற்படையில் அன்று இல்லை. கப்பல் வேலைக்குப் பழகிய மாலுமிகளே துப்பாக்கி ஏந்திக் கரையேறினர். வெற்றிக் களிப்பில் பெரிதும் பேசப்படாத இக்குறையைக் கருத்திற்கொள்ளாமல் கோவா நடவடிக்கையை மதிப்பிட இயலாது.

ஓய்வும் தூதர் பணியும்

1962 ஜூன் மாதம் கட்டாரி ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 50. சோமன் அடுத்த தளபதியானார். சீனப் போர் அதற்கு நான்கு மாதங்கள் கழித்துத் தொடங்கியது. ஓய்வுக்குப் பின் சிறிது காலம் ஆந்திரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பில் இருந்தார். 1964 முதல் 1969 வரை பர்மாவுக்கான இந்தியத் தூதராகப் பணியாற்றினார்.

தமிழர்களைப் பொறுத்தவரை இந்த ஆண்டுகள் துயரமானவை. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின்னின் இராணுவ அரசு வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கியது. 1964இல் உயர்மதிப்பு நாணயத்தாள்களைச் செல்லாதவையாக்கியது. பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த இந்தியர்கள் ஒரே நாளில் சேமிப்பை இழந்தனர். இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கப்பல்களில் இந்தியா திரும்பினர். அவர்களுள் பெருந்தொகையினர் தமிழர். ஏறத்தாழ எதையும் எடுத்துவர அனுமதியின்றிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே உள்ள பர்மா பசார் அவர்களுக்கென ஏற்பட்டதே. இந்த வெளியேற்றத்தின் பெரும்பகுதி செங்கல்பட்டில் பிறந்த ஒருவர் ரங்கூனில் தூதராக இருந்தபோது நடந்தது. இந்தியா பர்மாவின் நடவடிக்கைகளை வெளிப்படையாக எதிர்க்காமல் நல்லுறவைப் பேணும் கொள்கையையே கடைப்பிடித்தது. 1967 மார்ச்சில் இரு நாடுகளுக்குமிடையே எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. சொத்திழந்தவர்களின் இழப்பீட்டுக் கோரிக்கையோ பல பத்தாண்டுகள் தீராமல் இருந்தது.

இவருடைய தன்வரலாறு எ செய்லர் ரிமெம்பர்ஸ் என்ற பெயரில் 1982இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 21 அன்று, தம் 71ஆம் வயதில் கட்டாரி காலமானார். கொச்சி கடற்படைத் தளத்தில் உள்ள குடியிருப்புப் பகுதி ஒன்று கட்டாரி பாக் என இவர் பெயரால் வழங்குகிறது.

பெயர்க் குழப்பம்

1990 முதல் 1993 வரை கடற்படைத் தளபதியாக இருந்தவரும், 2004இல் மகசேசே விருது பெற்றவருமான அட்மிரல் லட்சுமிநாராயண் ராமதாஸ் வேறொருவர். இருவர் பெயரிலும் ராமதாஸ் என்று வருவதால் சில நூல்களில் மாற்றிக் குறிக்கப்படுவதுண்டு. கட்டாரி என்பது குடும்பப் பெயர். ராம் தாஸ் என்பதே இவருடைய இயற்பெயர்.